ஓவியர் மார்க் ஷகாலும் நம் நூலக ஜன்னலும்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது அரைப் பக்கம்தான். நம்ம காலேஜ் நூலகத்துக்கு 1976 வேதியியல் செட் சார்பில் செய்யக் கொடுத்திருக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் எந்த மட்டில் இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும் என்றார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான், ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் குறிப்பை எழுத முடியாது என்று தெரிந்தது. அவர் பெயர் மார்க் ஷகால். ஓவியர். 1985-இலேயே காலமாகிவிட்டவர். அவர் செய்த ஒரு ஜன்னலை நேரில் பார்க்காமல் இருந்திருந்தால், நம் நூலகத்தில் நான் ஒரு பெரிய தப்பைச் செய்து வைத்திருப்பேன்.

முதலில் நம் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் சேர்ந்தவர்கள் 32 பேர். பட்டம் வாங்கியவர்கள் 31 பேர். மூன்றாம் வருஷம், பொங்கல் லீவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். ஐந்து பேர் போய் நாலு பேர் திரும்பினோம். நீச்சல் தெரியாது, நான் வரலை என்று சொன்னவனை, சும்மா கரையில் உட்காரலாம் வாடா என்று இழுத்துக்கொண்டு போனது நான்தான். இத்தனை வருஷத்தில் எந்த ரீயூனியனிலும் இதை நான் வாய் திறந்து சொன்னதில்லை. அவன் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் செட்காரர்களுக்குத் தெரியும்.

அவன் நினைவாக நூலக வாசிப்பறையின் கிழக்குச் சுவரில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைக்கலாம் என்று தீர்மானம் ஆனதும், ஓவியரைப் பிடித்து ஆர்டர் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனுடைய அடையாள அட்டைப் போட்டோவைப் பெரிதாக்கி, கல்லூரிச் சின்னத்தையும் எங்கள் 31 பேர் பெயர்ப் பட்டியலையும் சேர்த்து, இதை அப்படியே கண்ணாடியில் கொண்டுவர வேண்டும் என்று ஓவியருக்கு அனுப்பினேன். அவர் மரியாதையாகப் பதில் எழுதினார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெயில் அந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு விழும், வெளியே மரம் உண்டா, அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பணம் நாம் கொடுக்கிறோம், சொன்னதைச் செய்ய வேண்டியதுதானே என்று நினைத்தேன். கடிதத்தை மேசை டிராயரில் போட்டுவிட்டு, இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டேன். அவள் குடியிருப்பது கென்ட் மாவட்டத்தில். அங்கேதான் ஷகாலைச் சந்தித்தேன்.

மீன் கிடங்கில் உழைத்தவரின் மகன்

ஷகால் பிறந்தது 1887-ஆம் ஆண்டு, ரஷ்யப் பேரரசில் வீடெப்ஸ்க் என்ற ஊரை ஒட்டி. இன்று அது பெலாரூஸ் நாட்டில் இருக்கிறது. ஏழை யூதக் குடும்பம், ஒன்பது குழந்தைகள், இவர்தான் மூத்தவர். அப்பா ஹெர்ரிங் மீன் வியாபாரி ஒருவரிடம் கூலி வேலை பார்த்தார். அம்மா வீட்டிலேயே சின்ன மளிகைக் கடை நடத்தினார். உருவம் வரைவதை நல்ல காரியமாக நினைக்காத சமயச் சூழல் வேறு. அந்த வீட்டிலிருந்து ஒரு பையன் படம் போடக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பினால் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது!

உள்ளூரில் யெஹூதா பென் என்ற ஆசிரியரிடம் கொஞ்ச நாள் படித்தார். பிறகு தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். அந்தக் காலத்தில் யூதர்கள் தலைநகரில் தங்கவே அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்கும் சோற்றுக்கும் அலைந்துகொண்டே படித்தார். வினாவர் என்ற வழக்கறிஞர் இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டு, மாதாமாதம் பணம் அனுப்பும் ஏற்பாட்டோடு பாரிஸுக்கு அனுப்பி வைத்தார். அது 1910. நம்ம ஊரில் படிப்புக்கு உதவும் புண்ணியவான்களைப் போல அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

பாரிஸில் அவர் வரைந்ததெல்லாம் வீடெப்ஸ்க்தான். கூரைமேல் உட்கார்ந்து ஃபிடில் வாசிக்கிறவர், பச்சை முகம், ஆடு, மாடு, தலைகீழாகப் பறக்கிற மனிதர்கள். ஊரை விட்டு வந்தவன் ஊரையே வரைந்துகொண்டிருந்தான். 1914-இல் பெர்லினில் கண்காட்சி நடத்திவிட்டு, காதலி பெல்லாவைப் பார்க்க ஊர் திரும்பியவரை முதல் உலகப் போர் அங்கேயே பிடித்து வைத்துவிட்டது. 1915-இல் பெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மறு வருஷம் மகள் ஈடா பிறந்தாள்.

மாணவர்களை இழந்த ஆசிரியர்

கல்லூரி மலர் என்பதால் இந்தச் சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு, 1918-இல் ஷகாலை வீடெப்ஸ்க் வட்டாரத்தின் கலை அதிகாரியாக நியமித்தார்கள். அவர் அங்கே ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். தன்னைப் போன்ற ஏழைப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது ஆசை. நல்ல ஆசிரியர்கள் வேண்டுமே என்று மலேவிச் போன்றவர்களும் அங்கே வந்து சேர இடம் கொடுத்தார். மலேவிச்சுக்கு ஆடும் மாடும் வேண்டாம். சதுரமும் வட்டமும் போதும். பேச்சிலும் கெட்டிக்காரர். கொஞ்ச நாளில் மாணவர்கள் கூட்டமாக அவர் பக்கம் போய்விட்டார்கள். தான் கட்டிய பள்ளியிலேயே ஷகால் தனி ஆளானார். 1920-இல் ஊரை விட்டு மாஸ்கோ போய்விட்டார். 1922-இல் ரஷ்யாவை விட்டே வெளியேறினார்.

பள்ளியை விட்டுக் கிளம்பினாரே ஒழிய, மாணவர்களுக்குப் பிடிக்கும்படி தானும் சதுரம் போட ஆரம்பிக்கவில்லை. இப்போது படிக்கிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கொள்ளட்டும்.

மறுபடி பாரிஸ். புத்தகங்களுக்குப் படம் போட்டார், பெயர் வந்தது. 1937-இல் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். அதே 1937-இல் ஹிட்லர் ஆட்சி மியூனிக் நகரில் சீர்கெட்ட கலை என்று ஏளனம் செய்து ஒரு கண்காட்சி வைத்தது. அதில் ஷகாலின் படங்களும் இருந்தன. பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் வந்ததும், 1941-இல் உயிர் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவர் நியூயார்க் போய் இறங்கிய அந்தச் சமயத்தில்தான் ஜெர்மன் படை ரஷ்யாவுக்குள் நுழைந்தது. வீடெப்ஸ்க் ஊர் நாசமானது. அங்கே அகப்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1944-இல் பெல்லா காய்ச்சல் கண்டு திடீரென்று இறந்துபோனார். பல மாதம் ஷகால் தூரிகையைத் தொடவில்லை. வரைந்து வைத்த படங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாராம்.

1948-இல் பிரான்ஸ் திரும்பினார். 1952-இல் வாலென்டீனா என்பவரை மணந்துகொண்டு, தெற்கே கடலோரத்தை ஒட்டிய வான்ஸ் என்ற ஊரில் குடியிருந்தார்.

எழுபதில் ஒரு புதுத் தொழில்

எங்கள் செட்டில் எல்லோரும் எழுபதைத் தொட்டுவிட்டோம். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று மாத்திரைப் பெட்டியோடு ரீயூனியனுக்கு வருகிறோம். ஷகால் அந்த எழுபதில்தான் வண்ணக் கண்ணாடித் தொழிலையே ஆரம்பித்தார். 1957-இல் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் அஸ்ஸி என்ற ஊர்த் தேவாலயத்துக்கு முதல் ஜன்னல்கள். அடுத்து மெட்ஸ் நகரத்துப் பேராலயம். அந்த வேலையில்தான் ரீம்ஸ் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் ஷார்ல் மார்க் என்பவரின் கூட்டு கிடைத்தது. அவரும் மனைவி பிரிஜித் சிமோனும் தலைமுறை தலைமுறையாக வந்த கண்ணாடிப் பட்டறையை நடத்தி வந்தவர்கள்.

இந்தக் கூட்டு எப்படி வேலை செய்தது என்பது நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஷகால் முதலில் பென்சிலிலும் மையிலும் சின்னதாகக் கீறிப் பார்ப்பார். பிறகு வண்ணக் காகிதத்தையும் துணித் துண்டுகளையும் ஒட்டி எந்த நிறம் எங்கே என்று தேடுவார். கடைசியாக ஒரு மாதிரிப் படம். அதை மார்க் ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணாடி தேர்ந்து, வெட்டி, வெளிச்சத்துக்கு எதிரே தற்காலிகமாகக் கோத்து நிறுத்துவார். ஷகால் ரீம்ஸ் போய், அந்தக் கண்ணாடிமேலேயே கறுப்புப் பூச்சால் வரைவார், தேய்ப்பார், கீறுவார். பிறகு சூளையில் சுட்டு, ஈயப் பட்டிகளில் பூட்டுவார்கள்.

வேதியியல்காரர்களுக்கு இதில் ஒரு விருந்து உண்டு. கண்ணாடிக்கு நீலம் கொடுப்பது கோபால்ட். மஞ்சள் சாயம் வெள்ளி உப்பிலிருந்து. பழைய முறையில் ஒரு துண்டுக் கண்ணாடிக்கு ஒரு நிறம்தான். நிறம் மாற வேண்டுமென்றால் நடுவில் ஈயக் கோடு வந்தே தீரும். மார்க் என்ன செய்தார் என்றால், நிறமில்லாத கண்ணாடிமேல் மெல்லிய வண்ணப் படலம் ஏற்றிய கண்ணாடியை எடுத்து, அந்தப் படலத்தை அமிலத்தால் வேண்டிய அளவு அரித்தார். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்தான்! கண்ணாடி பாட்டிலில் வைக்காதே என்று நம்ம லேபில் தலையில் அடித்துச் சொன்னார்களே, அதே அமிலம். இதனால் ஒரே துண்டில் நடுவில் கோடே இல்லாமல் இரண்டு மூன்று நிறம் குழைந்து வந்தது. ஷகாலின் வண்ணங்கள் ஜன்னலில் மிதப்பதுபோல் தெரிவதற்கு இந்த மனிதர் பாதிக் காரணம். ஜன்னலைப் பார்க்கிறவர்கள் ஷகால் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஜெருசலேமில் ஹடாஸா மருத்துவமனை ஜெப ஆலயத்துக்காக, இஸ்ரவேலின் 12 கோத்திரங்களைப் பற்றி 12 ஜன்னல்கள் செய்தார்கள். 1962-இல் அவற்றைப் பொருத்தினார்கள். 1964-இல் நியூயார்க் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டிடத்துக்கு ஒரு பெரிய ஜன்னல். 1961-இல் விமான விபத்தில் இறந்த பொதுச் செயலாளர் ஹாமர்ஷால்டுக்கும் கூட இறந்தவர்களுக்கும் நினைவுச் சின்னம் அது. கொடுத்தது எந்த நாட்டு அரசாங்கமும் இல்லை. சபையில் வேலை பார்த்த ஊழியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். ஷகாலும் தன் பங்காகச் சேர்ந்துகொண்டார். நம்ம சங்கம் வசூல் செய்கிற மாதிரிதான்.

ஒன்று கேட்டார்கள்

இனி டூட்லி. கென்ட் மாவட்டத்தில் டன்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு சிற்றூர். செங்கல் கோபுரம் வைத்த சின்னத் தேவாலயம். வெளியே இருந்து பார்த்தால் வண்டியை நிறுத்தவே தோன்றாது. மகள்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனாள்.

அந்த வட்டாரத்தில் சர் ஹென்றி டாவிக்டார்-கோல்ட்ஸ்மிட் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் குடும்பம் இருந்தது. அவர் யூதர், மனைவி ரோஸ்மேரி ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். மூத்த மகள் சாரா. ஜெருசலேமுக்கு அனுப்புமுன் அந்த 12 ஜன்னல்களை 1961-இல் பாரிஸில் பார்வைக்கு வைத்தபோது, அம்மாவும் மகளும் போய்ப் பார்த்து அசந்துபோனார்கள். இரண்டே வருஷத்தில், 1963-இல், கடலில் படகில் போன சாரா விபத்தில் மூழ்கி இறந்தாள். வயது 21.

பெற்றவர்கள் அவள் நினைவாக, அவள் போய் வந்த தேவாலயத்தின் கிழக்கு ஜன்னலைச் செய்து தரும்படி ஷகாலைக் கேட்டார்கள். அவர் முதலில் தயங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சம்மதித்தார். 1967-இல் ஜன்னல் தயாராகிப் பொருத்தியபோது, எண்பது வயசு ஷகால் தானே நேரில் வந்தார். அந்தச் சின்னக் கோவிலை உள்ளே நின்று சுற்றிப் பார்த்தவர், பாக்கி ஜன்னல்களையும் தானே செய்துவிடுவதாகச் சொன்னாராம். கேட்டது ஒன்று, கடைசியில் வந்தது 12. நடுக்கூடத்து ஜன்னல்கள் 1974-இல் வந்தன. பலிபீடப் பகுதியில் பழைய ஜன்னல்கள் இருந்ததால் கடைசி நாலும் தாமதமாகி, அவற்றை 1985-இல்தான் பொருத்தினார்கள். சாராவின் அப்பா அதற்குள் 1976-இல் இறந்துவிட்டார். ஷகாலும் 1985 மார்ச் 28-ஆம் தேதி, 97 வயதில், சான்-போல்-த-வான்ஸ் என்ற ஊரில் காலமானார். முதல் ஜன்னலிலிருந்து கடைசி ஜன்னல் வரை 18 வருஷம்.

நான் அந்தக் கிழக்கு ஜன்னல் முன்னால் போய் நின்றேன். முழுக்க நீலம். கீழே அலைக்குள் ஒரு பெண் உருவம் மிதக்கிறது. பக்கத்தில் துக்கத்தோடு ஒரு தாய். ஒரு சிவப்புக் குதிரை. மேலே ஏறிப் போகிற ஏணி. உச்சியில் சிலுவையில் கிறிஸ்து. போட்டோவை வைத்து வரைந்த முகம் அங்கே இல்லை. ஆனால் மகள் எப்படிப் போனாள் என்பதை அந்த ஜன்னல் மறைக்கவில்லை. தண்ணீரைத் தண்ணீராகவே வைத்திருக்கிறார்.

என்னால் நிற்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஓவியருக்கு அனுப்பிய காகிதங்களில் ஆறு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சிரித்த முகம் இருந்தது, கல்லூரிச் சின்னம் இருந்தது, எங்கள் 31 பேர் பெயர் இருந்தது. ஆற்றை மட்டும் விட்டிருந்தேன். அவனை நினைவு வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, நான் நினைக்க விரும்பாததை மூடுவதற்கு ஒரு கண்ணாடியை ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.

மகள் என்னப்பா ஆச்சு என்று கேட்டாள். அவளிடம்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜெர்மனிக்கு ஒரு ஜன்னல்

ஊர் திரும்பிய பிறகு ஷகாலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இன்னொரு ஜன்னல் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்து செயின்ட் ஸ்டீஃபன் தேவாலயத்துப் பாதிரியார் கிளாஸ் மாயர் என்பவர் 1973-இலிருந்து ஷகாலுக்குக் கடிதம் எழுதினார். போரில் குண்டு விழுந்து சிதைந்த கோவில் அது. தன் ஊரை நாசம் செய்த நாட்டுக்கு, தன் மக்களைக் கொன்ற நாட்டுக்கு, ஒரு யூதர் ஜன்னல் செய்து தர வேண்டும் என்று கேட்பது லேசா? பாதிரியார் கேட்டது அலங்காரம் இல்லை. இரண்டு சமயத்துக்கும் இடையே ஒரு சமாதானம். ஷகால் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. பாதிரியார் விடாமல் எழுதினார், நேரில் போய்ப் பார்த்தார். முதல் ஜன்னல் 1978-இல், ஷகாலின் 91-ஆம் வயதில் வந்தது. அதன்பின் இறக்கும் வரை அந்தக் கோவிலுக்கு வேலை செய்து மொத்தம் ஒன்பது ஜன்னல்கள் கொடுத்தார். ஆனால் மைன்ஸ் நகரத்துக்கு அவர் ஒரு நாளும் போகவில்லை.

கேட்கிறவர் தன் மனசில் இருப்பதை மறைக்காமல் சொன்னார். செய்கிறவர் தனக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொண்டார். டூட்லியிலும் மைன்ஸிலும் நடந்தது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் ஜன்னல்

நம் ஓவியருக்கு மறுபடி ஒரு கடிதம் எழுதினேன். போட்டோவையும் பட்டியலையும் திருப்பி அனுப்பிவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவருடைய மூன்று கேள்விக்கும் பதில் சொன்னேன். காலை எட்டு மணியிலிருந்து பத்து வரை நேர் வெயில். வெளியே நமக்கெல்லாம் தெரிந்த வேப்பமரம். அவனுக்குப் பிடித்தது ஆகாஷவாணியில் இரவு நாடகம், ஹாஸ்டல் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைப் பூரி, மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்ப்பது. அதோடு அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் எழுதினேன், என் பங்கு உட்பட. நாலு பக்கம் வந்தது. எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அவனுடைய தங்கையைப் போய்ப் பார்த்து அந்தக் கடிதத்தின் நகலைப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு காபி போட்டுக் கொடுத்தார்.

செட்டில் இரண்டு மூன்று பேருக்கு இதில் வருத்தம் உண்டு. பணம் போட்டவர்கள் பெயர் எங்கேயாவது இருக்க வேண்டாமா என்கிறார்கள். நியாயம்தான். சுவரில் கீழே ஒரு சின்னக் கல் பதிக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. கண்ணாடியில் மட்டும் வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது ஜன்னல் வந்திருக்காது. ரீயூனியன் தேதிக்குள் முடியாது, இன்னும் கொஞ்ச காலம் வேண்டும் என்று ஓவியர் கேட்டார். கொடுத்துவிட்டோம். ஆகவே வாசிப்பறைக்குப் போகிறவர்கள் இந்த முறை கிழக்குச் சுவரில் பலகை அடைத்த ஒரு சதுரத்தைத்தான் பார்ப்பீர்கள். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. எங்களுக்கு முன்னால் நீங்கள்தான் அந்த ஜன்னலைப் பார்ப்பீர்கள். காலையில் முதல் வகுப்புக்கு முன்னாடி போய்ப் பாருங்கள். வெளிச்சம் அப்போதுதான் நன்றாக இருக்கும். ஆற்றுக்குப் போவதானால், வரமாட்டேன் என்கிறவனை வற்புறுத்தாதீர்கள்.

— ஒரு முன்னாள் மாணவன், பி.எஸ்சி. வேதியியல், 1973–76